தொரையின் வயிற்றில் ஒரு லயம்

நாகலெட்சுமியின் பொறாமைக்கு ஹட்டன் நகரத்தில் ஒரு விலாசம் இருந்தது. ஷிஹாமின் பேக்கரிக்கு மேலே மரப்படி ஏறினால் வரும் கதவு, உள்ளே ஜன்னலோரம் இரண்டாவது மேசை. அந்த மேசையில் ரினோஸா உட்கார்ந்திருந்தாள். போன வைகாசிக்கு முந்தின வைகாசியில் அந்தப் பொறாமை உச்சிக்கு ஏறிய நாளில் ஒபிஸின் மின்சாரக் கேத்தல் சுவிட்ச் போடாமலே கொதித்தது. பொய்யென்று நினைப்பவர்கள் போய்ப் பார்க்கலாம். கேத்தலின் மூடி இன்றைக்கும் கோணலாகத்தான் இருக்கிறது.

நாகலெட்சுமி டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றில், பத்துக் காம்பரா லயத்தில், அதாவது பத்து அறைகள் ஒட்டிய வரிசை வீட்டில், ஏழாம் காம்பராவில் பிறந்தவள். பத்துக் குடும்பங்களுக்கும் கூரை ஒன்று, தண்ணீர்க் குழாய் ஒன்று. அடுப்பும் சண்டையும் மட்டும் காம்பராவுக்குக் காம்பரா வேறு. தாய் மீனம்மா இன்றைக்கும் மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கிறவள். மகள் கணினி படிக்கத் தொடங்கிய காலத்தில் வீட்டில் கணினி ஏது? பிஸ்கட் பெட்டி அட்டையில் எழுத்துகளைக் கட்டம் கட்டமாக எழுதி வைத்துக்கொண்டு தட்டிப் பழகினாள். ஆறு மாதத்தில் அட்டை ஓட்டையாகி, அந்த ஓட்டை வழியாக எட்டாம் காம்பராக்காரியின் கோழி எட்டிப் பார்த்ததாக மீனம்மா சொல்வாள். கோழியைப் பற்றி மட்டும் கொஞ்சம் சந்தேகம் உண்டு, அட்டை உண்மை.

முப்பது வயதுக்குள் அவள் ஹட்டனில் பிரதாப்பின் ஒபிஸுக்கு முதல் ஆளாக வந்து, ஏழு வருடம் அங்கேயே வேரூன்றிவிட்டாள். பிரதாப்பும் தோட்டத்துப் பிள்ளைதான். அவர்கள் செய்வது தோட்டங்களுக்கான மென்பொருள். மலையில் பறித்த கொழுந்து மடுவம் என்ற நிறுவைக் கொட்டகையில் சாக்குச் சாக்காகக் காத்துக் கிடக்கும். லொறி பிந்தினால் சாக்குக்குள்ளேயே சூடேறிச் சிவந்துபோகும். லொறி எந்த வளைவில் வருகிறது, எந்த மடுவத்தில் எவ்வளவு கொழுந்து கிடக்கிறது என்று போனில் காட்டுவதுதான் அவர்கள் சரக்கு.

ஒபிஸின் மூலையில் பெரிய கணினி ஒன்று இருக்கிறது. கரண்ட் போனாலும் அது போகாது. அதற்கென்று தனி பற்றரி. மற்றவர்கள் மேசையில் இருப்பதெல்லாம் திரையும் விசைப்பலகையும்தான், வேலை நடப்பது அதன் வயிற்றில். அசையாமல் உட்கார்ந்துகொண்டு எல்லாரிடமும் வேலை வாங்குவதால் அதற்குத் தோட்டத்து மனேஜருக்குரிய பெயரையே வைத்திருந்தார்கள்: தொரை.

தொரையின் வயிற்றில் கிட் என்ற களஞ்சியம் இருந்தது. நிரலில் ஒரு வரியை யார் எப்போது மாற்றினாலும், பெயரோடும் நேரத்தோடும் அது நினைவில் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு வேலையும் அதில் ஒரு தனிக் கிளை. ஒரு போல்டருக்குள் ஒரு சமயத்தில் ஒரு கிளையைத்தான் விரித்து வைத்து வேலை பார்க்கலாம். பாதி வேலையில் அவசரம் ஏதாவது வந்தால், விரித்ததையெல்லாம் சுருட்டி மூட்டை கட்டி ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த கிளையை விரித்து அவசரத்தைக் கவனித்து, அதைச் சுருட்டி, பழைய மூட்டையை அவிழ்க்க வேண்டும். நாகலெட்சுமி அதில் கைதேர்ந்தவள். ஏழு வருடத்தில் ஒரு மூட்டை தொலைந்ததில்லை. ஒருமுறை பதினொரு மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடியிலிருந்ததை நினைவிலிருந்தே உருவியிருக்கிறாள். பிரதாப் அவளை "மூட்டைக்காரி" என்று கூப்பிடுவான். அது அவளுக்குப் பட்டம் மாதிரி இனித்தது.

அப்போதுதான் ரினோஸா வேலைக்கு வந்தாள். ஹட்டன் நகரத்துப் பிள்ளை, துணிக்கடை மஃறூப்பின் மகள், இருபத்து நான்கு வயது. முதல் நாள் அவள் கேட்டாள்.

"லெச்சுமியக்கா, நான் எந்த போல்டர்ல வேல செய்றது?"

"இருக்கிறதே ஒண்ணுதான் புள்ள. என் வேல முடியட்டும், பெறகு நீ வா."

"எப்ப முடியும்?"

"முடியறப்ப முடியும்."

அன்று அப்படிக் கஞ்சத்தனம் பண்ணாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான்காம் நாள் தோட்டமொன்றின் ஸ்டோரிலிருந்து, அதாவது தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து, ஒரு அவசரம் வந்தது. தராசுப் பகுதியில் ஏதோ பிசகு, உடனே பார்க்க வேண்டும். நாகலெட்சுமி விரல்களைச் சொடுக்கிக்கொண்டு மூட்டை கட்ட உட்கார்ந்தாள். பாதி கட்டியிருப்பாள்.

"செஞ்சிட்டேன் சேர்" என்று ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல்.

பிரதாப் கதிரையோடு திரும்பினான். "எப்புடி புள்ள? நாகு இன்னும் முடிச்சே போடல!"

"வேர்க்ட்ரீ சேர். களஞ்சியம் ஒண்ணுதான். அதுக்குப் பக்கத்துல இன்னொரு போல்டர் தொறந்தா, அதுல வேற கிளைய விரிக்கலாம். அக்காட வேல அக்காட போல்டர்ல அப்புடியே கெடக்கு, நான் தொடல. எனக்கு மூணு போல்டர் வச்சிருக்கேன். ஒண்ணு லொறிக்கு, ஒண்ணு அவசரத்துக்கு, ஒண்ணு சும்மா ஓட்டிப் பாக்க."

பிரதாப் சற்று யோசித்துவிட்டுத் தொடையில் தட்டினான். "அட, இது லயம்! கூரை ஒண்ணு, காம்பரா வேற வேற! டவுன்ல வளந்த புள்ள தொரைக்குள்ள லயம் கட்டிருச்சு. ஏன் நாகு, நீ லயத்துல பொறந்தவதானே? ஏழு வருசமா ஒனக்கு இது தோணலியே!"

எல்லாரும் சிரித்தார்கள். நாகலெட்சுமியும் சிரித்தாள். கேத்தல் கொதித்தது அந்த நிமிடம்தான்.

அதற்குப் பிறகு ஒபிஸில் அந்த போல்டர்களுக்குப் பெயரே காம்பரா என்றாகிவிட்டது. மூட்டைக்காரி என்ற பட்டத்தைப் பிரதாப் மறந்துபோனான். ரினோஸா ஒரு காம்பராவிலிருந்து மற்றதுக்குப் போய்வரும்போதெல்லாம் விசைப்பலகை எழுப்பும் சத்தம் நாகலெட்சுமிக்கு மட்டும் தனியாகக் கேட்டது. ரினோஸா மாலுபாண் என்ற மீன் பன்னைத் தின்னும் விதம்கூடப் பிடிக்கவில்லை: இடது கையில் பாண், வலது கையால் வேலை. அதிலும் இரண்டு காரியம்! தானும் ஒரு காம்பரா திறந்துகொள்ளலாமே என்று மனசு சொல்லும். திறந்தால், அவளைப் பார்த்துச் செய்தாள் என்றல்லவா ஆகும்? ஆகவே வீம்புக்கு மூட்டை கட்டிக்கொண்டே ஒரு வருடத்தை ஓட்டினாள்.

அடுத்த வைகாசியில் ஒரு திங்கட்கிழமை பிரதாப் சொன்னான், "வெள்ளிக்கிழம டயகமயில காட்டணும். ஸ்டோர்ல பெரிய ஆளுங்க வர்றாங்க, மடுவத்து ஆளுங்களும் இருப்பாங்க. வேன்ல முன்சீட்டு ஒண்ணுதான் இருக்கு, பின்னால சீட்டையெல்லாம் தம்பி கழட்டி மரக்கறி ஏத்தறான். அதனால ஒரு ஆள்தான். வியாழன் காலையில லொறிப் பகுதிய ஓட்டிப் பாப்போம். ஓடுச்சுன்னா ரினோஸா வரட்டும், அது அவ வேல. ஓடலேன்னா தராச மட்டும் காட்டுவோம். அது ஒன் வேல நாகு, நீ வா."

டயகம! நாகலெட்சுமியின் சொந்தத் தோட்டத்து ஸ்டோர். அவள் சின்ன வயதில் தாய்க்குத் தேத்தண்ணி கொண்டுபோய், வாசல் தாண்ட அனுமதியில்லாமல் வெளியே நின்ற ஸ்டோர். அதற்குள் நின்று, பெரிய ஆட்களுக்கு முன்னால், தன் லயத்துச் சனம் பார்க்க, "இப்படித்தான் இது வேலை செய்கிறது" என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். வாழ்க்கையில் அவள் ஆசைப்பட்டது வேறொன்றும் அதிகமில்லை. அன்று மாலை அம்மாவிடம் போனில் லேசாகச் சொன்னதுதான் தவறு.

"பெரட்டுல சொல்லிட்டேன்டி" என்றாள் மீனம்மா, மறுநாள் விடிந்ததும். பெரட்டு என்றால் வேலைக்குப் போகுமுன் தோட்டம் முழுவதும் கூடி நிற்கிற இடம். "மேற்பார்வை பாக்குற கண்டாக்கு அய்யாவே கேட்டாரு, ஒங்க மகளான்னு. நீ அந்த நீல சாரியக் கட்டிக்கிட்டு வா. எட்டாம் காம்பராக்காரி வயிறு எரியணும்."

பொறாமை பரம்பரைச் சொத்து என்பது இங்கே வெளிச்சமாகிறது.

புதன்கிழமை பின்னேரம் ரினோஸா நான்கு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டாள். நாகலெட்சுமி தனியாக இருந்தாள். ரினோஸாவின் லொறி நிரலில் ஒரு ஓட்டை இருப்பது அவளுக்குத் தெரியும். ஹட்டன் ரோட்டில் பழகிய பிள்ளைக்குத் தெரிய வாய்ப்பில்லை. டயகமப் பாதையில் மாடசாமி கோயில் வளைவில் போன் சிக்னல் செத்துவிடும். செத்ததும் போன் எங்கோ தூரத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, லொறியைக் கொண்டுபோய் நீர்த்தேக்கத்தின் நடுவில் நிறுத்தும். ஒரு வார்த்தை ரினோஸாவிடம் சொன்னால் போதும். சொல்வதா? வியாழக்கிழமை எல்லார் முன்னாலும் அந்த வளைவை ஓட்டிக் காட்டச் சொல்லி, லொறி சரியாக ஓடும்போது, "அது நான் திருத்தினது சேர்" என்று சொன்னால் வேன் சீட்டு யாருக்கு?

அவள் காம்பரா திறந்தாள். வாழ்க்கையில் முதல் காம்பரா. யாரும் கவனிக்காதிருக்க அதற்கு "பழசு" என்று பெயர் வைத்தாள். அதில் ரினோஸாவின் லொறிக் கிளையை விரிக்கப் பார்த்தாள். கிட் மறுத்தது: அந்தக் கிளை ஏற்கெனவே இன்னொரு இடத்தில் விரிந்திருக்கிறது.

நாகலெட்சுமிக்கு ஒரு கணம் கூச்சமாக இருந்தது. இது அவளுக்குத் தெரிந்த சட்டம்தான். மலையில் கொழுந்து எடுக்கும்போது ஒரு நிரைக்கு ஒரு ஆள். காலையில் பிடித்த நிரை மாலைவரை அவளுடையது. அடுத்தவள் நிரையில் கை நீட்டினால் கூடை பறக்கும், கொண்டை அவிழும், மூன்று தலைமுறையின் வண்டவாளமும் மலையில் எதிரொலிக்கும். லொறிக் கிளையிலிருந்து ஒரு தனிக் கிளை பிரித்து அவள் தன் திருத்தத்தைச் செய்திருக்கலாம், கிட் தாராளமாக விட்டிருக்கும். ஆனால் அவளுக்கு வேண்டியது ரினோஸாவின் நிரையிலேயே தன் பெயர் கிடப்பது. கட்டாயப்படுத்தித் திறக்க ஒரு வழி உண்டு. திறந்தாள்.

அழகான வேலை, குறை சொல்ல முடியாது. நாற்பது வரி. சிக்னல் செத்தால் லொறியைத் தண்ணீரில் தள்ளாமல், "மறைவில் வருகிறது, இன்னும் நான்கு நிமிடம்" என்று கணித்துக் காட்டும். லொறி ஓட்டும் கந்தப்பனின் போனிலிருந்து நேற்றைய பயணப் பதிவை வாங்கி ஓட்டிப் பார்த்தாள். லொறி வளைவுக்குள் மறைந்து, சொன்ன நிமிடத்தில் மறுபக்கம் தலைகாட்டியது. களஞ்சியத்தில் தன் பெயரோடு பதித்துவிட்டு, பேக்கரியில் தனக்குத் தானே ஒரு கேக் வாங்கிக் கொடுத்தாள்.

இங்கேதான் அவளுக்குத் தெரியாத விசயம் ஒன்று இருந்தது. ஒரே கிளையை இரண்டு காம்பராவில் விரித்துவிட்டு ஒன்றில் புதிதாகப் பதித்தால், மற்றக் காம்பராவுக்குச் செய்தி பாதிதான் போகும். கிளை முன்னே நகர்ந்தது அதற்குத் தெரியும். அங்கே கிடக்கும் கோப்புகளோ பழையவையாகவே கிடக்கும். வியாழன் காலை ரினோஸா வந்து பார்த்தபோது, நாகலெட்சுமியின் நாற்பது வரியையும் ரினோஸாவே வெட்டி எறிந்து வைத்திருப்பதுபோல் அவள் காம்பரா காட்டியது. நேற்று எதையோ தொட்டிருப்போம் என்று நினைத்தாள் ரினோஸா. லொறிப் படத்தைச் சிவப்பிலிருந்து பச்சையாக்கினாள். அவளுக்கு எல்லாவற்றையும் ஒரே வீச்சில் பதிக்கிற பழக்கம். பதித்தாள்.

பத்து மணிக்கு ஓட்டிப் பார்த்தார்கள். திரையின் ஹட்டன் ரோட்டில் பச்சை லொறி ஜம்மென்று ஓடியது. பிரதாப் கைதட்டப் போனான்.

"டயகமப் பதிவு ஒண்ணு இருக்கு சேர்" என்றாள் நாகலெட்சுமி, தொண்டையைச் செருமிக்கொண்டு. "கந்தப்பன் அண்ணன் அனுப்பினது. அதையும் ஓட்டுங்க. முக்கியமா அந்த மாடசாமி வளைவு."

ஓட்டினார்கள். லொறி ஏறியது, கோயிலைத் தொட்டது, காணாமல் போனது. பிறகு நீர்த்தேக்கத்தின் நட்டநடுவில், பச்சைப் பசேலென்று மிதந்தது.

"என்ன இது? கந்தப்பன் அண்ணன் நீச்சல் பழகுறாரா?" என்றான் பிரதாப்.

நாகலெட்சுமி விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். களஞ்சியத்தின் வரலாற்றைத் திறந்தாள். நேற்று அவள் பதித்தது இருந்தது. அதற்கு மேலே, இன்று காலை, ரினோஸாவின் பெயரில், "லொறிக்குப் பச்சை நிறம்". அதற்குள் நாற்பது வரிகளும் அழிக்கப்பட்டிருந்தன.

"ஏன்டி அழிச்ச?" அவள் குரலில் கீழே பேக்கரியில் தட்டு விழுந்தது. "நான் நேத்து உக்காந்து திருத்தினேன். பாருங்க சேர், என் பேரு! காலையில வந்து அழிச்சிருக்கா!"

பிரதாப் திரையைப் பார்த்தான். ஆதாரம் பளிச்சென்று இருந்தது. "ஏன் புள்ள? நாகு நல்லாத்தானே செஞ்சிருக்கா. பொறாமையா?"

அந்தக் கேள்வி தப்பான மேசைக்குப் போனது நாகலெட்சுமிக்குத் தெரியும்.

ரினோஸாவின் முகம் வெளுத்துவிட்டது. "அல்லாஹ் மேல சத்தியமா நான் அழிக்கல சேர். ஆனா என் பேருதான் இருக்கு... எனக்கே வெளங்கல."

"சரி விடு. நாளைக்கு நாகு வரட்டும்" என்றான் பிரதாப்.

வேன் சீட்டு கிடைத்துவிட்டது. நாகலெட்சுமி பிளேன்டீ ஊற்றிக்கொண்டு தன் மேசைக்குப் போனாள். சீனி போட்டதா இல்லையா என்று நாக்குக்குத் தெரியவில்லை. போன் அடித்தது. அம்மா.

"மடுவத்துல முன்னுக்கு நிக்கப்போறேன்டி, கங்காணிகிட்ட சொல்லிட்டேன். நீல சாரிய அயன் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேம்மா" என்று பொய் சொல்லி வைத்தாள்.

ஜன்னலோரத்திலிருந்து ரினோஸா எழுந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. "அக்கா, மன்னிச்சுக்கங்க. மூணு காம்பராவுல மாறி மாறி வேல செஞ்சதுல நான்தான் எங்கயோ கொழப்பியிருக்கேன். ஒங்கள மாதிரி ஒரே போல்டர்ல மூட்ட கட்டி வச்சிருந்தா இப்புடி நடந்திருக்காது. எல்லாத்தையும் மூடிர்றேன். இனிமே ஒங்கட வேல முடிஞ்ச பெறகு நான் வாறேன்."

ஒரு வருடமாக நாகலெட்சுமி வேண்டிக்கொண்டது இதுதானே? ரினோஸாவின் லயம் இடிய வேண்டும், தன் மூட்டை மறுபடி பெருமை பெற வேண்டும். அந்தப் பெண் அதை வாயாலேயே சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தபோது, நாகலெட்சுமிக்கு ஏதோ வெறும் மலையைப் பார்த்த மாதிரி இருந்தது. அதை நல்ல மனசு என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. காம்பராக்களை மூடுமுன் ரினோஸா அவற்றின் பட்டியலைப் பார்ப்பாள், அதில் நான்காவதாக "பழசு" வரும் என்பதும் அதே கணத்தில் அவளுக்கு உறைத்தது. எது முந்தியது என்று அவளுக்கே தெரியாது. ஒரே கிளை இரண்டு காம்பராவில் விரிந்ததுதான் அந்த வரிகளைத் தின்றது என்று மட்டும் விளங்கிவிட்டது.

"மூடாத" என்றாள்.

"என்னக்கா?"

"மூடாதேன்னு சொல்றேன்ல. பட்டியலப் பாரு. லொறிக் கிளை எத்தன எடத்துல விரிஞ்சிருக்குன்னு பாரு."

ரினோஸா பார்த்தாள். ஒருமுறை, இன்னொருமுறை. "பழசுன்னு ஒண்ணு... இது நான் தொறக்கலயே?"

"நான் தொறந்தேன். கட்டாயப்படுத்தித் தொறந்தேன். நீ அழிக்கல, நான் அங்க பதிச்சதால ஒன் காம்பராவுல அப்புடித் தெரிஞ்சிருக்கு."

பிரதாப் தன் கதிரையை மெதுவாகத் திருப்பினான். கேத்தல்கூட மூச்சுவிடவில்லை.

"நாகு," என்றான், "மலையில அடுத்தவ நெரையில கைய வச்சா என்ன செய்வாங்க?"

"கூடையப் புடுங்கி வீசுவாங்க சேர்."

"அப்ப?"

நாகலெட்சுமி திரையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கடைசியில் கோணல் மூடியைப் பார்த்தாள். "ரினோஸா போகட்டும். அது அவ நெர."

களஞ்சியம் எதையும் மறப்பதில்லை. அழிந்த நாற்பது வரியையும் ரினோஸா இரண்டே நிமிடத்தில் மீட்டுவிட்டாள். அதைக்கூட இவ்வளவு வேகமாகச் செய்ய வேண்டுமா என்று நாகலெட்சுமிக்கு எரிந்தது.

வெள்ளிக்கிழமை அவள் ஒபிஸில் தனியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றே காலுக்குப் பச்சை லொறி மாடசாமி வளைவுக்குள் மறைந்தது. "மறைவில் வருகிறது, இன்னும் நான்கு நிமிடம்." அந்த நான்கு நிமிடமும் அவள் கதிரையில் உட்காரவில்லை. நான்காவது நிமிடம் முடியுமுன் லொறி மறுபக்கம் வந்தது. டயகமயில் கைதட்டியிருப்பார்கள். அந்தச் சத்தம் ஹட்டன் வரை கேட்டதாக அவள் பின்னாளில் சொல்வதுண்டு.

பின்னேரம் மீனம்மா பேசினாள். மகள் வராததற்கு நல்ல ஏச்சு விழும் என்று நாகலெட்சுமி போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தாள்.

"அடியே, அந்தத் துலுக்கப் புள்ள என்னமா பேசுச்சு தெரியுமா! பெரிய ஆளுங்க முன்னால, 'இந்த வளைவக் கண்டுபுடிச்சுத் திருத்தினது எங்க நாகலெட்சுமி அக்கா, அவங்க அம்மா இங்கதான் இருக்காங்க'ன்னு என்னய முன்னுக்குக் கூப்புட்டுச்சு. ஸ்டோருக்குள்ள போனேன்டி! எட்டாம் காம்பராக்காரி மூஞ்சியப் பாக்கணுமே!"

"சரிம்மா."

"எவ்வளவு மரியாதயான புள்ள! என்னயப் புடிச்சு உக்கார வச்சிட்டுத்தான் அது நின்னுச்சு. நீயும் இருக்கியே. தீவாளிக்கு அதக் கூட்டிக்கிட்டு வா. என்ன, கேக்குதா? நீ வராட்டியும் பரவால்ல, அத அனுப்பு."

போனை வைத்தபிறகு நாகலெட்சுமி வெகுநேரம் ஜன்னலோரத்து மேசையை முறைத்தாள். பிறகு தொரையின் முன் உட்கார்ந்தாள். முதலில் "பழசு" காம்பராவை முறையாக இடித்து, பட்டியலிலிருந்தும் துடைத்தாள். அடுத்துத் தராசுக்கு ஒன்று, அவசரத்துக்கு ஒன்று, ஓட்டிப் பார்க்க ஒன்று என்று, ஒவ்வொன்றிலும் தன் சொந்தக் கிளையை மட்டும் விரித்துக் காம்பரா திறந்தாள். எண்ணிப் பார்த்தாள். ரினோஸாவுக்கும் மூன்று, தனக்கும் மூன்று. நான்காவது ஒன்றும் திறந்தாள்.

திங்கட்கிழமை ரினோஸா பட்டியலைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள். "அக்காவும் லயம் கட்டிட்டீங்களே! இந்த நாலாவதுல என்ன வேல நடக்குது? ஒண்ணுமே இல்லயே?"

"ஒன் வேலயப் பாரு புள்ள" என்றாள் நாகலெட்சுமி. இடது கையில் மாலுபாண் இருந்தது.